அழுகை குற்றமாகும் நகரம்: 'அல்ஃபாவில்' திரைப்படமும் பிரெஞ்சு அரசின் பதிவேடுகளும்

ழான்-லுக் கோடார் 1965இல் வெளியிட்ட 'அல்ஃபாவில்' என்னும் விஞ்ஞானப் புனைவுத் திரைப்படத்திலே மரண தண்டனைக் காட்சியொன்று இடம்பெறுகின்றது. நீச்சற் குளத்தின் பாய்பலகையில் நிறுத்தப்படும் ஆடவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சுடப்பட்டு நீரில் வீழ்கின்றனர். கத்தியேந்திய பெண்கள் குளத்திற் பாய்ந்து எஞ்சிய உயிரையும் போக்குகின்றனர். சூழ நிற்கும் பிரமுகர்கள் கைதட்டுகின்றனர். அவ்வாறு கொல்லப்படுவோருள் ஒருவன் இழைத்த குற்றம், மனைவி இறந்தபோது அழுதமை. நகரை ஆளும் அல்ஃபா 60 என்னும் கணனியின் தருக்கத்துக்கு அழுகை பொருந்தாதது. ஆதலின் அது குற்றம்.

இப்படம் பற்றி எழுதியோர் பலர் இதனை இயந்திரத்துக்கும் மனிதனுக்கும், தருக்கத்துக்கும் கவிதைக்கும் இடையேயான போராட்டமாக விளக்கியுள்ளனர். படமும் அவ்விளக்கத்துக்கே இடங்கொடுக்கின்றது. அல்ஃபா 60ஐ எதிர்ப்பதற்கு அது துணைகொள்வது போல் எலுவாரின் கவிதைத் தொகுதியையே. எலுவார் பொதுவுடைமைவாதி என்பதோ, நாசி ஆக்கிரமிப்புக் காலத்தில் எதிர்ப்பியக்கக் கவிஞராக விளங்கினார் என்பதோ படத்துக்குப் பொருட்டாகவில்லை. அங்கு அவர் காதற் கவிஞர் மட்டுமே. இது சிறு குறையன்று. வரலாற்றை நீக்கிவிட்டு நோக்குமிடத்துக் கணனி தானாகவே கொடுமை செய்யும் பொருளாகிவிடுகின்றது. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. எது குற்றம், எவர் குற்றவாளி என வகுத்து இயந்திரத்திடம் ஒப்படைத்தவர் யார்?

படத்துக்கென எதிர்கால நகரெதுவும் அமைக்கப்படவில்லை. ஒளிப்பதிவாளர் ராவுல் குத்தார் அன்றைய பாரிஸ் நகரையே, அதன் புதிய கண்ணாடிக் கட்டடங்களையும் நீண்ட நடைகூடங்களையும், இரவிற் படமாக்கினார். அல்ஃபா 60 என்ற பெயர், பிரெஞ்சு நிறுவனமான புல் தயாரித்த காமா 60 கணனியை நினைவூட்டுவது. நகரப் பெண்களின் உடலில் எண்கள் பச்சைகுத்தப்பட்டுள்ளன. வதைமுகாம்கள் மூடப்பட்டு இருபதாண்டுகளே கழிந்திருந்த வேளையில் அவ்வெண்களின் பொருளைப் பாரிஸ் மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்தில் பிரான்சின் பதிவேட்டு வரலாறு நோக்கத்தக்கது. 1940இன் இலையுதிர் காலத்தில், ஜேர்மானிய ஆக்கிரமிப்பாளரின் கட்டளைப்படி, பாரிஸ் பொலிஸ் தலைமையகம் சேன் மாவட்டத்து யூதர்களைப் பதிந்தது. அந்திரே துலார் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில் ஏறத்தாழ 1,50,000 பேரின் விபரங்கள் அட்டைகளில் எழுதி அடுக்கப்பட்டன. 1942 யூலை 16, 17ஆம் திகதிகளில் பாரிசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏறத்தாழ 13,000 பேர் கைதுசெய்யப்பட்டபோது பிரெஞ்சுப் பொலிசாரின் கைகளில் இருந்தவை அவ்வட்டைகளின் விபரங்களே. கணனி அங்கு இல்லை. எழுதுநரும் அட்டைப் பெட்டியும் போதுமாயிருந்தன.

அதே காலத்தில், 1941இல், ரெனே கார்மிய் என்னும் இராணுவ நிர்வாகி ஒவ்வொருவருக்கும் பதின்மூன்று இலக்கங்கொண்ட எண்ணொன்றை வகுத்தார். முதல் இலக்கம் ஆணா பெண்ணா என்பதைக் காட்டிற்று. அல்ஜீரியாவிலோ அம்முதல் இலக்கமே பிரெஞ்சுக் குடிகளையும், சுதேச முஸ்லிம்களையும், சுதேச யூதர்களையும், அந்நியரையும் வெவ்வேறாகப் பிரித்தது. கார்மிய் எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தவர். 1944இல் கைதாகி, 1945 சனவரியில் டக்காவ் முகாமில் மாண்டார். கருத்தை உருவாக்கியவனின் நோக்கம் ஒன்று, கருவியை உடைமையாகக்கொண்ட அரசின் தேவை மற்றொன்று என்பதற்கு இதனிலும் கொடிய சான்று கிடைப்பது அரிது.

படம் வெளிவருவதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்னர், 1961 ஒக்டோபர் 5ஆம் திகதி, பாரிஸ் பொலிஸ் அதிபர் மோரிஸ் பப்போன் 'அல்ஜீரியாவின் பிரெஞ்சு முஸ்லிம்கள்' இரவு எட்டரை மணியின் பின் வீதியில் நடமாடலாகாது எனப் பணித்தார். பிறர் செய்தால் வெறும் நடையாகவுள்ளது இவர்கள் செய்தாற் குற்றமாயிற்று. 17ஆம் திகதி அதனை எதிர்த்து ஊர்வலம் வந்தவர்களுள் 11,000க்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். பலர் கொல்லப்பட்டனர், சடலங்கள் சேன் ஆற்றில் மிதந்தன. நீச்சற் குளக் காட்சியை அமைத்தபோது கோடார் இதனை மனத்திற் கொண்டிருந்தார் என நாம் வாதிடவில்லை. ஆயினும் நீரில் வீழ்த்திக் கொல்லும் அரசைப் பாரிஸ் அதற்கு முன்னரே கண்டிருந்தது என்பதை மறந்து அக்காட்சியை வெறும் கற்பனையென்று கொள்ளவும் எம்மால் இயலவில்லை. படப்பிடிப்பு நிகழ்ந்த வேளையிலும் பப்போனே பொலிஸ் அதிபர். ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்தோவிலிருந்து யூதர்களை அனுப்பிவைத்ததற்காக அவர் தண்டிக்கப்பட்டது 1998இலேயே.

இனி, அல்ஃபா 60 எந்தத் தொழிற்சாலையிற் பிறந்தது என்பதைப் படம் கூறவில்லை. நகரில் தொழிலாளர் என்றொரு வர்க்கமே தென்படவில்லை. மெய்யான வரலாற்றில் புல் நிறுவனம் 1964இல் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பிடிக்குள் சென்றது. அதனால் அச்சமுற்ற பிரெஞ்சு அரசு 1966இல் தேசியக் கணனித் திட்டமொன்றை வகுத்துப் புதிய நிறுவனமொன்றைத் தோற்றுவித்தது. அந்நிறுவனத்தின் ஐரிஸ் 80 கணனி எழுபதுகளில் உள்நாட்டு அமைச்சை வந்தடைந்தது. அதே வேளையில் புள்ளிவிபர நிறுவனம் கார்மியின் எண் பதிவேட்டைக் கணனிமயமாக்கத் தொடங்கியிருந்தது. ஒரே எண்ணால் அரச திணைக்களங்களின் கோப்புகளையெல்லாம் பிணைக்க வல்ல அத்திட்டத்துக்கு 'சஃபாரி' எனப் பெயர் வைத்தனர். வேட்டையை நினைவூட்டும் பெயரைத் தாமே தேர்ந்துகொண்ட அதிகாரிகளின் வெகுளித்தனம் வியக்கத்தக்கது.

படத்திலே அல்ஃபா 60 தனியொரு வீரனின் புதிரால் நிலைகுலைகின்றது. அவன் காதலியுடன் காரில் ஏறிச் செல்கின்றான்; நகர மக்கள் சுவர்களைப் பற்றியவாறு தள்ளாடுகின்றனர், அவர்கள் கதி என்னவாயிற்று எனப் படம் திரும்பிப் பார்க்கவில்லை. சஃபாரியைத் தடுத்தது புதிரன்று. 1974 மார்ச் 21ஆம் திகதி 'லு மோந்த்' நாளிதழில் பிலிப் பூஷே எழுதிய கட்டுரை, பொலிஸ் பிரிவுகளிடம் 400 கோப்புத் தொகுதிகளில் 10 கோடி அட்டைகள் இருப்பதாக வெளிப்படுத்திற்று. பொதுமக்களின் கண்டனம் எழுந்தது. சில நாட்களுள் பிரதமர் மெஸ்மெர் தம் அனுமதியின்றிக் கோப்புகளை இணைத்தலைத் தடைசெய்தார். 1978 சனவரி 6ஆம் திகதி தனிநபர் தரவுகள் பற்றிய சட்டம் நிறைவேறியது. சட்டம் பொலிஸ் கோப்புகளை ஒழித்துவிடவில்லை. 2008இல் 'எட்வீஜ்' என்னும் உளவுக் கோப்பு ஆணையொன்றால் உருவாக்கப்பட்டு, மக்கள் எதிர்ப்பின் பின்னர் அதே ஆண்டில் மீளப்பெறப்பட்டது. கார்மியின் எண்ணோ அழியவில்லை. பிரான்சின் சமூகக் காப்புறுதி அட்டைகளில் இன்றும் அது காணப்படுகின்றது. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்றே அது தொடங்குகின்றது.