மடுல்சீமையில் ஒரு பிறந்தநாள்: கேக்குக்கு முன் ஒரு ‘பேர்’

2025 ஓகஸ்ட் விடுமுறையில் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து மடுல்சீமைக்குப் போனேன். அம்மா பிறந்தது அங்கே ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில். 1977க்குப் பிறகு அவர் அங்கே போனது இரண்டு தரம்தான், இரண்டும் மரண வீட்டுக்கு. இந்த முறை காரணம் வேறு. மகளுக்கு 13ஆம் திகதி ஐந்து வயது. அதைப் பெரியம்மா வீட்டில் கொண்டாடுவோம் என்று முடிவு செய்திருந்தோம்.

ரயிலில் மகள் கேட்டாள்: “அம்மம்மா, உங்கட பிறந்தநாள் எப்ப?”

அம்மாவின் அடையாள அட்டையில் 1967 ஜனவரியில் ஒரு திகதி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குக் கொடுக்கப்படும் உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து வவுனியாவில் எடுத்த அட்டை அது. “அது அட்டைக்குச் சொன்ன திகதியம்மா. உண்மையான நாள் எனக்குத் தெரியாது” என்றார் அம்மா. மகளுக்கு அது விளங்கவில்லை. பிறந்தநாள் தெரியாத ஒரு பெரிய ஆளை அவள் அதுவரை கண்டதில்லை.

வன்னியில் இது புதுமையான கதை அல்ல. இடம்பெயர்வில் சான்றிதழ் தொலைக்காத வீடு குறைவு. ஆனால் மலையகத்தில் பிறந்தநாள் என்பதற்கு வேறொரு வரலாறு இருக்கிறது. நான் அங்கே தங்கிய ஒரு கிழமையில் பார்த்தவற்றையும், அதற்குப் பின்னால் இருக்கும் சட்டத்தையும் வரலாற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். பிள்ளைகளோடு ஊவாப் பக்கம் போக நினைப்பவர்களுக்கும், அங்கே பிறந்த பெற்றோரின் சான்றிதழைத் தேடுபவர்களுக்கும் உதவலாம்.

‘பேர்’ என்றால் ஒரு நாள்

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். காலையில் பெரட்டுக்குப் போய், சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர். அளவு குறைந்தால் அல்லது இடையில் போனால் அரைப் பேர். போகாவிட்டால் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும்.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. நாங்கள் போன நேரம் அதுதான் நடைமுறையில் இருந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 1,550 ரூபாவாகவும், அரசாங்கம் தரும் 200 ரூபா வரவுக் கொடுப்பனவோடு 1,750 ரூபாவாகவும் உயரும் என்று அறிவிக்கப்பட்டது. சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறையும் உண்டு. ஆனால் அது முந்தைய ஆண்டில் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதை வைத்தே கணக்காகிறது. ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நின்ற நாட்கள் அடுத்த வருட விடுமுறையையும் குறைக்கலாம்.

மகளின் பிறந்தநாள் புதன்கிழமை வந்தது. பெரியம்மா ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய மகள், எனக்கு அக்கா முறை, இன்னும் மலைக்குப் போகிறார். “நான் வேணும்னா நின்னுக்குறேன் தங்கச்சி” என்றார். நிற்க வேண்டாம், பின்னேரம் வெட்டுவோம் என்றேன். நாங்கள் மடுல்சீமை டவுனில் சொல்லி வைத்திருந்த கேக்கின் விலை இரண்டாயிரம் ரூபாவுக்கு மேல். அக்காவின் ஒன்றரை நாள் கொழுந்து அது.

லயத்தில் பிறந்தநாள்

பெரியம்மாவின் காலத்தில் பிள்ளையின் பிறந்தநாள் என்று ஒன்று கொண்டாடப்பட்டதில்லை. பேர் வைப்பது, காது குத்துவது, கோயிலில் மொட்டை போடுவது, பெண்பிள்ளை என்றால் சடங்கு. இவைதான் பிள்ளைக்கான விசேஷங்கள். வருடத்தின் பெரிய நாட்கள் எல்லோருக்கும் பொதுவானவை: தைப்பொங்கல், மாசியில் காமன் கூத்து, தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தீபாவளி. தீபாவளிக்குத் தோட்டம் முற்பணம் கொடுக்கும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கும். வாங்கிய புதுச்சட்டை சாயம் போன பிறகும் கடன் நிற்கும் என்று பெரியம்மா சிரித்தார்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. பிள்ளை மடுவத்தில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது சிறு பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தில், பிறந்தநாளன்று பிள்ளைகளுக்கு டொபியோ பிஸ்கட்டோ கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்யும் தாய்மார் பிள்ளையின் பிறந்தநாளுக்கென்றே காசு அனுப்புகிறார்கள். அவர்கள் வர முடியாது. ஆகவே கேக் வெட்டுவதைக் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள்.

லயத்தில் கேக் வெட்டுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒரு கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். சுவர் ஒன்று, சத்தமும் ஒன்று. ஒரு வீட்டில் பலூன் ஊதினால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். யாரையும் கூப்பிடாமல் விட முடியாது. அதனால் ஒரு கிலோ கேக்கை நாற்பது துண்டாக வெட்டத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் இருப்பார். எங்கள் லயத்தில் அது அக்கா. கேக்கோடு கடலை, மிக்ஸர், பால் தேத்தண்ணீர்.

அக்கா ஐந்தரைக்கு வந்து, கால் கழுவி, அட்டைக்கடிக்கு உப்புத் தேய்த்துவிட்டு, சேலை மாற்றினார். ஆறரைக்கு இஸ்தோப்பில் மெழுகுதிரி கொளுத்தினோம். அந்த நேரத்தில் கூடலூரிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவின் மூத்த அண்ணன் குடும்பம். எனக்கு மாமா.

மூன்று இடத்தில் ஒரு குடும்பம்

ஒரு குடும்பம் மடுல்சீமை, கிளிநொச்சி, கூடலூர் என்று மூன்றாகப் பிரிந்தது தற்செயல் அல்ல. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பன் அல்லது தகப்பன்வழி முன்னோர் இங்கே பிறந்ததையும் நிரூபிக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத காலத்தில் பிறந்த தாத்தாமாருக்கு எங்கே சான்று? மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று மக்களைப் பங்கு போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். மாமா அதில்தான் போனார். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்து, கூடலூரிலேயே தங்கிவிட்டார்.

அம்மா போனது வேறு வழி. 1977 ஓகஸ்ட் வன்செயல் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. அவர்களைக் குடியமர்த்துவதில் ‘காந்தியம்’ அமைப்பு பெரும்பங்கு வகித்தது. தாத்தாவும் அம்மாச்சியும் இளைய பிள்ளைகளோடு அப்படிப் போனார்கள். பெரியம்மா அப்போது கலியாணம் முடித்திருந்ததால் மடுல்சீமையிலேயே நின்றுவிட்டார். “எனக்கு அப்ப பத்து வயசு” என்று அம்மா எப்போதும் சொல்வார். அடையாள அட்டையின்படி அது சரி.

நாடற்றவர்களாக மிஞ்சியவர்களின் பிரச்சினை 1988இலும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் தீர்ந்தது. ஐம்பத்தைந்து வருடம். அதற்குள் இரண்டு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பிறந்த திகதிக்கு இன்னொரு பாரம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் போராடிவரும் தாய்மாரிடம் பேசும்போது, அவர்கள் முதலில் சொல்வது பிள்ளை பிறந்த நாளைத்தான். அதற்கு எதிரே எழுத அவர்களிடம் வேறு திகதி இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இன்றும் மகனின் பிறந்தநாளில் பாயாசம் காய்ச்சி அயலுக்குக் கொடுக்கிறார். என் மகள் அதை வாங்கிக் குடித்து வளர்ந்தவள். பிறந்தநாள் சிறுபிள்ளை விளையாட்டு என்று எனக்கு நினைக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறப்புப் பதிவு: தெரிந்திருக்க வேண்டியவை

பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். அந்தக் காலத்துக்குள் பதிவது இலவசம். மூன்று மாதம் கடந்தால் காலம் கடந்த பதிவாக, சத்தியக் கூற்றோடும் ஆதாரங்களோடும் விண்ணப்பிக்க வேண்டும். இன்று பெரும்பாலான பிள்ளைகள் அரச வைத்தியசாலையில் பிறப்பதால் அங்குள்ள பதிவாளரிடமே வேலை முடிந்துவிடும். தோட்டத்தில் பிறந்த பிள்ளை என்றால், பெற்றோர் தோட்ட அத்தியட்சகருக்கு அறிவிக்க, அவர் பதிவாளருக்கு அறிக்கை அனுப்புவது சட்டத்தில் உள்ள ஏற்பாடு. அதனால் பெற்றோர் கையில் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பதிவு எங்கோ இருக்க வாய்ப்புண்டு. ‘பதியவில்லை’ என்று முடிவு செய்யும் முன் தேடிப் பாருங்கள்.

1960க்குப் பிந்திய பல பதிவுகளின் பிரதியை இப்போது எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். பழைய பதிவுக்கும் கணினியில் கிடைக்காத பதிவுக்கும் பிறந்த மாவட்டத்தில் விசாரிக்க வேண்டும். திகதியும் பதிவு இலக்கமும் தெரியாவிட்டால், ஒரு காலப்பகுதியைக் குறிப்பிட்டுத் தேடித்தரக் கேட்கலாம். கட்டணம் சற்றுக் கூடும். கையில் இருக்க வேண்டியவை: தாய் தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், முடிந்தால் டிவிசனின் பெயர். தாய் தகப்பன் பெயர் பதிவில் வேறு எழுத்தில் இருக்கலாம். வயதான உறவினர் ஒருவரைக் கூட்டிப் போவது எல்லாவற்றையும் விட நல்லது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

வடக்கிலிருந்து போவோர் பொல்காவலையில் இறங்கி மலைநாட்டு ரயிலுக்கு மாறலாம். 1924இல் பதுளை வரை நீண்ட பாதை அது. தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றித் தன் பாதைக்குக் கீழேயே போவதைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் இந்தப் பாதையையும் பதுளை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. ஆகவே ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். பதுளையிலிருந்து பசறை, அங்கிருந்து மடுல்சீமை. பாதை ஒடுக்கம், வளைவு அதிகம். இரவில் போக வேண்டாம்.

மடுல்சீமைக்கு அப்பால் ‘சின்ன உலக முடிவு’ இருக்கிறது. கூடாரம் போட இளைஞர்கள் வரும் இடம். காலையில் போனால் மேகம் காலுக்குக் கீழே நிற்கும். சிறு பிள்ளைகளின் கையை ஒரு நொடியும் விடக்கூடாத செங்குத்துப் பள்ளம் அது. ஐந்து வயதுக்குப் பதுளைக்கு அருகிலுள்ள துன்ஹிந்தை நீர்வீழ்ச்சி போதும். அதற்கும் சற்று நடக்க வேண்டும். தோட்டத்துக் குடும்பங்கள் பல சேர்ந்து வேன் பிடித்துப் போகும் ‘டிரிப்’ பெரும்பாலும் கதிர்காமத்துக்குத்தான். அதுவும் ஊவா மாகாணத்திலேயே இருக்கிறது.

ஒன்பதாம் திகதி

கேக் வெட்டிய இரவு அம்மா பெரியம்மாவிடம் கேட்டார்: “அக்கா, நான் எப்ப பிறந்தன்?”

“ஆடியிலதான். கோயில்ல ஆடிப் பூச முடிஞ்ச மறு கெழம. எனக்கு ஏழு வயசு. மருத்துவச்சிய கூட்டியார அப்பா மலையில இருந்து ஓடிட்டாரு. அன்னிக்கு அவருக்கு அரப் பேருதான். அத ரொம்ப நாளு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

அந்த அரைப் பேரை நூலாகப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மூவருமாகப் பிரதேச செயலகத்துக்குப் போனோம். பெரியம்மாவின் வயதை வைத்துக் கணக்குப் பார்த்து, 1964 முதல் 1966 வரை தேடச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். தாத்தாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. மற்றதெல்லாம் சரி. அறிவித்தவர்: தோட்ட அத்தியட்சகர். பிறந்த திகதி: 1965 ஓகஸ்ட் 9. ஒரு திங்கட்கிழமை.

நாங்கள் மகளுக்குக் கேக் வெட்டியதற்கு நான்கு நாள் முன்பு அம்மாவுக்கு அறுபது முடிந்திருந்தது. 1977இல் வன்செயல் தொடங்கியபோது அவருக்குப் பத்து வயதல்ல, பன்னிரண்டு முடிந்து ஒரு கிழமைதான். அம்மா தாளை மடிக்காமல் கையில் வைத்தபடியே பஸ்ஸில் இருந்தார்.

“அம்மம்மா, உங்களுக்குக் கேக்?” என்றாள் மகள்.

பசறையில் இறங்கி இன்றைக்கே வாங்குவோம் என்றேன். நாங்கள் சனிக்கிழமை திரும்ப வேண்டியவர்கள்.

“ஒரு நாள் பிந்திப் போவம்” என்றார் அம்மா. “ஞாயிற்றுக்கிழமை வெட்டுவம். அண்டைக்கு ஒருத்தருக்கும் பேர் போகாது.”