சார்லஸ் எவன்ஸ்

சர் சார்லஸ் எவன்ஸ் (1918–1995) வேல்ஸ் நாட்டு மலையேறுநரும் அறுவை மருத்துவரும் ஆவார். 1953 எவரெஸ்ட் பயணத்தில் துணைத் தலைவராக இருந்தார். மே 26 அன்று இவரும் டாம் போர்டிலனும் அதன் தென் உச்சியை முதன்முதலில் எட்டினர். முதன்மை உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டரே எஞ்சியிருந்த நிலையில், ஆக்சிஜன் கருவிச் சிக்கலாலும் களைப்பாலும் திரும்பினர். மூன்று நாட்களுக்குப் பின் ஹில்லாரியும் டென்சிங்கும் உச்சியை அடைந்தனர்.

1955 இல் 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சஞ்சங்காவில் முதன்முதலாக ஏறிய குழுவுக்கு எவன்ஸ் தலைமை தாங்கினார். மே 25 அன்று ஜார்ஜ் பேண்ட், ஜோ பிரவுன் ஆகியோரும், மறுநாள் நார்மன் ஹார்டி, டோனி ஸ்ட்ரீதர் ஆகியோரும் ஏறினர். சிக்கிம் மக்கள் அம்மலையைப் புனிதமாகக் கருதியதால், முன்னரே அளித்த வாக்கின்படி நால்வரும் உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டனர். குழுத் தலைவரான எவன்ஸ் உச்சிவரை செல்லவில்லை.

பின்னர் நரம்பு நோயால் மலையேற்றத்தைக் கைவிட்ட இவர், 1984 வரை பாங்கர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார்.