பதுளைப் பாதையில் நீராவி இயந்திரம்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றைக் கூறப்புகுவோர், அம்மலைகளின் மீது மூச்சிரைத்து ஏறிய நீராவி இயந்திரத்தை மறத்தல் இயலாது. தோட்டத்து மக்கள் அதனைக் ‘கரிக்கோச்சி’ என்றே அழைத்தனர்.

கண்டியை 1867இல் அடைந்த புகையிரதப் பாதை, நானுஓயாவை 1885இலும் பண்டாரவளையை 1894இலும் எட்டியது. அங்கிருந்து பதுளை ஏறத்தாழ 20 மைல் தொலைவே எனினும், 1924ஆம் ஆண்டிலேதான் அந்நகருக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட நிலத்தின் கடுமை அத்தகையது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் எழுந்தது. தெமோதரையிலோ, பாதை குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, தன் நிலையத்தின் கீழேயே சுரங்கத்தினூடு செல்கின்றது.

இப்பாதையில் இயந்திரம் பட்ட பாடு பெரிது. 44 அடி முன்னேறினால் ஓர் அடி உயரும் ஏற்றங்களில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, பட்டிப்பொலைக்கு அருகே 6,200 அடிக்கும் மேற்பட்ட உச்சியை அது தாண்ட வேண்டும். பனியில் நனைந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கினால், மணலைத் தூவிப் பிடிப்பை உண்டாக்குவர். சாரதி கண்ணிமையாது பாதையை நோக்க, அவருடன் நிற்கும் ‘பயர்மன்’ அனல் வீசும் உலையில் ஓயாது நிலக்கரி வாரி இடுவார். ஏற்றத்தில் நீராவி குறைந்தால் வண்டி நின்றுவிடும். ஆகவே அவருடைய தோள்வலிமையே வண்டியின் வலிமையாயிற்று.

சுமை மிகுந்தபோது மலைப்பாதைக்கென ‘கராட்’ வகை இயந்திரங்களும் வந்தன. ஒரு பெருங்கொதிகலனைத் தாங்கி, முன்னும் பின்னும் இரு சக்கரத் தொகுதிகள் தனித்தனியே திரும்பும் அமைப்பு அது. நீண்ட உடல் கொண்டிருந்தும் குறுகிய வளைவுகளில் அது நெளிந்து சென்றது.

இவ்வியந்திரங்கள் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கின. அரிசியை மலைக்கு ஏற்றின. 1914இல் தலைமன்னார்க் கப்பற்பாதை திறந்தபின், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் புகையிரதத்திலேயே மலைநாட்டை அடைந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தபோது, அதே இரும்புப் பாதை பிரிவின் பாதையாயிற்று. பிறந்த தோட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தவாறே பலர் தலைமன்னார் நோக்கிச் சென்றனர்.

அதற்குள் நீராவியின் காலமும் சாய்ந்திருந்தது. கொழும்புத் திட்டத்தின் உதவியால் 1954இல் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வந்தன. கரிப்புகை மலைகளை விட்டு மெல்ல அகன்றது. எஞ்சியவற்றுட் சில காக்கப்பட்டன. 1986இல் தொடங்கிய ‘வைஸ்ரோய்’ சுற்றுலாப் புகையிரதத்துக்காகப் பழைய இயந்திரங்கள் புதுப்பிக்கப்பட்டன. 2014இல் கடுகண்ணாவையில் புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

காக்கப்பட்ட இயந்திரங்களுள் ஒன்று ‘சேர் தோமஸ் மெயிற்லண்ட்’. மற்றொன்று ‘பிரெடெரிக் நோர்த்’. இரண்டும் இலங்கையை ஆண்ட ஆங்கில ஆளுநர்களின் பெயர்கள். அவ்விருவரும் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே இந்நாட்டில் முதற் புகையிரதம் ஓடியது. ஆயினும் பெயர்ப்பலகை அவர்களுக்கே வாய்த்தது. கரி வாரியவனுக்கும், மழையிலும் தண்டவாளம் காத்தவனுக்கும், கொழுந்து பறித்து வண்டிக்குச் சுமை தந்தவளுக்கும் அத்தகைய பலகை எதுவுமில்லை. இரும்பைத் துடைத்து எண்ணெயிட்டு வைப்பது பாதுகாப்பின் ஒரு பாதியே. அவ்வியந்திரத்தை மலையேற்றிய மனிதரின் உழைப்பையும் அதனருகே எழுதி வைத்தல் மறுபாதியாகும்.