நாலு நம்பர்: மலேசியக் குலுக்கின் வாய்ப்புக் கணக்கும் நேர்மையும்

நாலு நம்பர் என்பது 0000 முதல் 9999 வரையுள்ள 10,000 எண்களில் ஒன்றின்மேல் பணம் கட்டி விளையாடும் மலேசியப் பந்தயக் குலுக்கு. மலாய்க்காரர்கள் 'எம்பாட் எக்கோர்' என்பார்கள். பட்டணத்தில் 'ஃபோர் டி' என்று பெயர். தோட்டத்தில் வெறும் 'நம்பர்' போதும். மலாக்கா மாநிலம் ஜாசின் மாவட்டத்துப் பெம்பானிலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் 'நம்பர் எடுத்தாச்சா?' என்று கேட்டால் வேறு விளக்கம் கேட்பவர் யாரும் இல்லை.

இன்று அதே ஊர்களில் நம்பர் கடைக்குப் போகாமலே கைப்பேசியில் சூதாடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நம்பரை நன்றாகப் புரிந்துகொண்டவருக்குக் கைப்பேசிச் சூதாட்டத்தை எடைபோடும் கருவியும் கையில் கிடைத்துவிடும். அதனால் இக்கட்டுரை நம்பரில் நின்று, பிறகு கைப்பேசிக்குப் போகிறது.

தோற்றமும் உரிமமும்

மேக்னம் நிறுவனம் 1968இல் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு நாலு நம்பர் நடத்த உரிமம் பெற்றது. 1969இல் அரசே தொடங்கிய ஸ்போர்ட்ஸ் தோத்தோ 1985இல் தனியார் கைக்குப் போனது. மூன்றாவதான பான் மலேசியன் பூல்ஸ் 1988இல் வந்தது. இன்று 'டா மா சாய்' என்ற பெயரில் இயங்கும் இந்நிறுவனம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த இலங்கைத் தமிழ் வழியினரான தொழிலதிபர் ஆனந்தகிருஷ்ணனின் தஞ்சோங் குழுமத்தின்கீழ் பல ஆண்டுகள் இருந்தது. உரிமம் தருவது நிதி அமைச்சு. புதன், சனி, ஞாயிறு குலுக்கு நாட்கள். எப்போதாவது செவ்வாய்க்கிழமையில் சிறப்புக் குலுக்கு உண்டு. முஸ்லிம்கள் விளையாட முடியாது. கெடா அரசு 2023 முதல் நம்பர் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. மலாக்காவில் கடைகள் திறந்தே இருக்கின்றன.

பரிசுக் கணக்கு

ஒரு குலுக்கில் 23 எண்கள் பரிசு பெறும். 'பெரிசு' என்று ஒரு ரிங்கிட் கட்டினால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. பிறகு சிறப்புப் பரிசு 10 எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு 10 எண்களுக்குத் தலா 60. 'சின்னது' கட்டினால் முதல் மூன்று எண்களுக்கு மட்டுமே பரிசு: 3,500, 2,000, 1,000.

இதில் நியாயம் எவ்வளவு என்று பார்க்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். 0000 தொடங்கி 9999 வரை எல்லா எண்ணுக்கும் தலா ஒரு ரிங்கிட் 'பெரிசு' கட்டியதாக வைத்துக்கொள்வோம். செலவு 10,000. வரவு: முதல் மூன்றுக்கு 4,000, சிறப்புக்கு 1,800, ஆறுதலுக்கு 600. மொத்தம் 6,400. அதாவது கட்டிய ஒவ்வொரு வெள்ளியிலும் (ரிங்கிட்டிலும்) சராசரியாக 64 காசு திரும்பும், 36 காசு திரும்பாது. வரி, கடைக்காரர் தரகு, நிறுவனத்தின் இலாபம் எல்லாம் அந்த 36 காசில்தான். 'சின்னது' கட்டினால் திரும்புவது 65 காசு.

சிங்கப்பூரில் கணக்கு வேறு. அங்கே ஒரு டாலர் 'பெரிசு'க்குப் பரிசுகள் 2,000, 1,000, 490, பிறகு பத்து எண்களுக்குத் தலா 250, பத்து எண்களுக்குத் தலா 60. கூட்டினால் டாலருக்கு 65.9 காசு. 'சின்னது' 3,000, 2,000, 800. அது 58 காசுதான். மலேசியாவில் 'சின்னது' ஒரு முடி மேல், சிங்கப்பூரில் 'பெரிசு' மிக மேல். இரண்டும் ஒன்றே என்று நினைத்து விளையாடுபவர்கள்தான் அதிகம்.

இனி ஒரு வீட்டுக் கணக்கு. ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு குலுக்கிலும் 4 வெள்ளி 'பெரிசு' கட்டுபவர் ஆண்டுக்கு 156 குலுக்கில் 624 ரிங்கிட் செலவழிக்கிறார். சராசரியாக 225 ரிங்கிட் போய்விடும். அந்த எண்ணுக்கு முதல் பரிசு விழச் சராசரியாக 10,000 குலுக்கு வேண்டும். வாரம் மூன்று வீதம் அது 64 ஆண்டு. ஆனால் 23 பரிசில் ஏதாவது ஒன்று ஓராண்டுக்குள் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு. நூறு வீடுள்ள ஒரு லயத்தில் எல்லாரும் இப்படி விளையாடினால், முப்பது வீட்டில் ஆண்டுக்குள் 'அடிச்சிருக்கு' என்ற பேச்சு கிளம்பும். முதல் பரிசு அடித்த வீடு ஒன்றோ இரண்டோதான். மற்ற பலருக்குக் கிடைப்பது ஆறுதல் பரிசு: 4 வெள்ளிக்கு 240 ரிங்கிட், கட்டிய 624இல் பாதிகூட இல்லை. நம்பர் விளையாட்டை உயிரோடு வைத்திருப்பது இந்தச் சின்னப் பரிசுகள்தான் என்பது என் துணிபு. அடித்த செய்தி காலையில் ஒட்டுக்கடைக்கு வந்துவிடுகிறது. அடிக்காத 155 நாளுக்குச் செய்தியே இல்லை.

எண்ணை மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டும் 'பாக்ஸ்' முறையும் இந்தக் கணக்கை அசைக்காது. 1234 போல நான்கும் வேறான எண்ணுக்கு 24 அடுக்கு உண்டு; 1123க்கு 12, 1122க்கு 6, 1112க்கு 4. ஒரு வெள்ளியை 24 அடுக்குக்கும் பிரித்துக் கட்டினால் வாய்ப்பு 24 மடங்கு, பரிசு 24இல் ஒரு பங்கு. திரும்புவது அதே 64 காசு.

கனவில் பாம்பு வந்தால் ஓர் எண், விபத்தில் சிக்கிய காரின் எண், முனீஸ்வரன் சன்னதியில் கேட்ட எண், சீனர்களின் படம் போட்ட கனவுப் புத்தகத்தில் பார்த்த எண் என்று தேடும் பழக்கம் எல்லா இனத்தாரிடமும் உண்டு. அந்த எண்களுக்குக் குறைவான வாய்ப்பும் இல்லை, கூடுதலும் இல்லை. பலர் ஒரே எண்ணைத் தேடிப் போவதால் ஒன்று மட்டும் நடக்கும்: பரிசுத்தொகை முன்பே முடிவானது என்பதால், ஓர் எண்ணுக்கு அளவுக்கு மீறிப் பணம் குவிந்தால் நிறுவனம் அந்த எண்ணின் விற்பனையை நிறுத்திவிடும்.

குலுக்கின் நேர்மை

விலை நியாயமா என்பது ஒரு கேள்வி, குலுக்கு நேர்மையா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இந்தத் துறையில் ஆகப் பெரிய ஏமாற்று. குலுக்கு சுத்தமாக நடந்தாலும் 36 காசு போகத்தான் செய்யும்.

மலேசியக் குலுக்கு, எண் எழுதிய பந்துகளைக் கொண்டு பொதுமக்கள் பார்க்க நடக்கிறது. முடிவுத் தாளைக் கூர்ந்து பார்த்தவர்கள், சிறப்புப் பரிசுக் கட்டத்தில் மூன்று இடம் எண்ணில்லாமல் கோடாக இருப்பதைக் கவனித்திருப்பார்கள். முதலில் 13 எண்களை எடுத்து, வரிசையாக எழுத்துப் போட்டு வைக்கிறார்கள். அந்த 13இலிருந்து மூன்றைத் தனியே எடுத்து முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு ஆக்குகிறார்கள். அவை விட்டுப்போன இடம்தான் அந்தக் கோடுகள். இப்படி இரண்டு கட்டமாக எடுப்பதால், ஓர் எண்ணை முதல் பரிசுக்குக் கொண்டுவர நினைப்பவன் இரண்டு முறை தில்லுமுல்லு செய்தாக வேண்டும்.

சந்தேகம் உள்ளவர் தாமே சோதிக்கலாம். ஒரு குலுக்கில் 23 எண், அதாவது 92 இலக்கம். ஓராண்டின் 156 குலுக்கில் 14,352 இலக்கம். பூச்சியம் முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றும் 1,435 முறை அளவில் வர வேண்டும். 1,365க்கும் 1,505க்கும் இடையில் இருந்தால் அது இயல்பான ஏற்ற இறக்கமே. ஓர் இலக்கம் 1,700 முறை வந்தால் கேள்வி கேட்கலாம். ஆனால் 'ஏழு ரொம்ப நாளா வரலை, இனி வரும்' என்று சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை. போன வாரம் என்ன வந்தது என்று பந்துக்குத் தெரியாது.

கண்ணால் பார்க்கக் கூடிய பந்தின் அருமை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் தெரிந்தது. பல மாநிலங்களின் குலுக்குகளை நடத்திய சங்கத்தில் பாதுகாப்புத் தலைவராக இருந்த எடி டிப்டன், எண் எடுக்கும் கணினிக்குள் தானே ஒரு நிரலைச் செருகி வைத்தார். குறிப்பிட்ட சில நாட்களில் எந்த எண் வரும் என்று அவரால் முன்கூட்டி ஊகிக்க முடிந்தது. 2010 டிசம்பரில் ஐயோவாவில் அவர் வாங்கிய சீட்டு அவரைக் காட்டிக்கொடுத்தது. 2017இல் 25 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை கிடைத்தது.

நோட்டுப் புத்தகக்காரர்

உரிமம் இல்லாமல் நம்பர் எழுதுபவர்கள் தோட்டங்களில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். சம்பள நாள் வரைக்கும் கடன், வீட்டு வாசலிலேயே எழுதல், ஒரு வெள்ளிக்குப் பத்துக் காசு தள்ளுபடி என்று அவர்களுக்குப் பல வசதி. தள்ளுபடியைக் கணக்கில் சேர்த்தால் 90 காசுக்கு 64 காசு, அதாவது 71 விழுக்காடு திரும்புகிறது. தாளில் இது உரிமக் கடையைவிட மேல் என்பது உண்மை. ஆனால் பெரிய பரிசு விழும் அன்று அவர் ஊரில் இருப்பாரா என்பதற்கு எந்தத் தாளும் பொறுப்பில்லை. கடனில் எழுதிய நம்பர் வட்டி முதலையிடம் கொண்டுபோய் விட்ட குடும்பங்களைத் தோட்டத்தில் வாழ்ந்த எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

கைப்பேசிச் சூதாட்டம்

மலேசியாவில் சட்டப்படியான சூதாட்ட விடுதி 1971இல் திறந்த கெந்திங் மலை விடுதி ஒன்றே. இணையச் சூதாட்டத்துக்கு இங்கே யாருக்கும் உரிமம் இல்லை. வாட்சப்பிலும் டெலிகிராமிலும் முகவர் அனுப்பும் செயலியின் பின்னால் யார் இருக்கிறார் என்பது விளையாடுபவருக்குத் தெரியாது.

இந்தச் செயலிகள் '96 விழுக்காடு திரும்பும்' என்று விளம்பரம் செய்யும். நம்பரின் 64உடன் ஒப்பிட்டால் வள்ளல் கொடை போலத் தோன்றும். வேகத்தைச் சேர்த்துப் பாருங்கள். சுழற்றி ஆடும் ஆட்டத்தில் சுழற்றுக்கு ஒரு வெள்ளி, நிமிடத்துக்குப் பத்துச் சுழற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 600 வெள்ளி ஓடிவிடும். அதில் 4 விழுக்காடு 24 வெள்ளி. மேலே பார்த்த வாரம் 12 வெள்ளி நம்பர்க்காரர் சராசரியாக இழப்பது வாரத்துக்கு 4 வெள்ளி 32 காசு. அவர் ஐந்தரை வாரத்தில் இழப்பதைக் கைப்பேசிக்காரர் ஒரு மணி நேரத்தில் இழக்கிறார். அதுவும் 96 என்ற பேச்சு உண்மையாக இருந்தால் மட்டும்.

'போனஸ்' கணக்கும் இப்படித்தான். 100 வெள்ளி இலவசம், ஆனால் 30 மடங்கு விளையாடிய பிறகே எடுக்கலாம் என்றால் 3,000 வெள்ளிக்குச் சுழற்ற வேண்டும். அதில் 4 விழுக்காடு 120. இலவசம் 100, அதைப் பெறும் செலவு 120.

இந்த 96 என்ற பேச்சு உண்மையா, ஆட்டம் நேர்மையா என்று பார்க்க வழி உண்டா? மால்டா, பிரிட்டன் போன்ற நாடுகளின் சூதாட்ட ஆணையங்கள் உரிமம் கொடுத்த இணையதளங்களின் பட்டியலை வெளியிடுகின்றன. எண் எடுக்கும் நிரலைச் சோதிக்க 1989இல் தொடங்கிய கேமிங் லாபரட்டரிஸ் இன்டர்நேஷனல், 2003இல் தொடங்கிய இகோக்ரா போன்ற ஆய்வகங்கள் இருக்கின்றன. செயலியில் ஒட்டியிருக்கும் முத்திரைப் படத்தை நம்பக் கூடாது. ஆணையத்தின், ஆய்வகத்தின் சொந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். ரூலெட்டில் ஒரே பூச்சியம் என்றால் சிவப்பு வரும் வாய்ப்பு 37இல் 18, அதாவது 48.65 விழுக்காடு. யாரோ அதை 45ஆகக் குறைத்திருந்தால் கண்டுபிடிக்கக் குறைந்தது 750 சுழற்றைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். நூறு சுழற்றில் தோற்றதை வைத்து ஏமாற்று என்றும் சொல்ல முடியாது, ஜெயித்ததை வைத்து நேர்மை என்றும் சொல்ல முடியாது.

நல்லெண்ணமும் போதாது. 1999இல் ஏஎஸ்எஃப் என்ற மென்பொருள் நிறுவனம், தன் இணையப் போக்கர் சீட்டுக் கலைப்பு நேர்மையானது என்று காட்ட, கலைக்கும் நிரலையே வெளியிட்டது. ஆய்வாளர்கள் படித்துப் பார்த்தபோது, கலைப்பு முழுவதும் கணினியின் கடிகாரத்தை நம்பியிருப்பது தெரிந்தது. நள்ளிரவிலிருந்து எண்ணிய ஆயிரத்திலொரு விநாடிகள் மொத்தம் 8 கோடியே 64 லட்சம்தான். தன் கையிலுள்ள இரண்டு சீட்டும் மேசையில் விரித்த மூன்றும் தெரிந்தால், மற்ற எல்லார் கைச்சீட்டையும் சொல்லிவிட முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து அப்சலூட் போக்கர், அல்டிமேட்பெட் என்ற இரு தளங்களில், எதிராளியின் சீட்டைப் பார்க்கும் இரகசியக் கணக்குகள் இருந்தது வெளிவந்தது. அப்சலூட் போக்கரில் அதைக் கண்டுபிடித்தவர்கள் அதிகாரிகள் இல்லை. ஆட்டப் பதிவுகளை வரி வரியாகப் படித்த ஆட்டக்காரர்கள்.

சட்டம்

1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டப்படி, சட்டவிரோத விடுதியில் விளையாடுபவருக்கே 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 31ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. செயலியில் ஜெயித்த பணத்தை முகவர் தர மறுத்தால் எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது.

நம்பர் எடுப்பவர்களும் கைப்பேசியில் சுழற்றுபவர்களும் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கட்டியதை ஒரு பக்கமும் கைக்கு வந்து சேர்ந்ததை மறுபக்கமும் ஓராண்டு விடாமல் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கை மனைவி மக்களுக்கும் காட்டுங்கள்.