அமீர் அப்துல் காதிர்: வாளை எடுத்ததும் வைத்ததும்

பிக்ஹுக் கிதாபுகளில் ஜிஹாதின் பாடத்தை ஓதிக்கொடுக்கும்போது மாணவர்கள் நிபந்தனைகளை எளிதில் மனனம் செய்துவிடுகின்றனர். பெண்களையும் சிறுவரையும் கொல்லலாகாது. செய்த உடன்படிக்கையை வஞ்சகமாக முறிக்கலாகாது. அபயம் பெற்றவனைத் தீண்டலாகாது. ஒப்புவிக்கும் நாவு தடுமாறுவதில்லை. ஆனால், பகைவன் இவ்வரம்புகளில் எதையுமே மதிக்காதபோது என்ன செய்வது என்று ஒருவன் எழுந்து கேட்டுவிட்டால், பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது. அவ்வேளைகளில் நான் அல்ஜீரியா நாட்டு அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்களின் வரலாற்றையே எடுத்துச் சொல்வது வழக்கம்.

1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜீர்ஸ் கரையில் இறங்கிற்று. 1832இல் மஸ்கரா நகரை அடுத்த சமவெளியில் கோத்திரத்தார் ஒன்றுகூடி, காதிரிய்யா தரீக்காவின் ஷைகு முஹ்யித்தீன் அவர்களின் புதல்வருக்கு பைஅத் செய்தனர். அப்போது அமீருக்கு வயது 24. ஓதலிலும் திக்ரிலும் கழிந்திருக்க வேண்டிய வாழ்வு, அடுத்த பதினைந்து ஆண்டுகள் குதிரை முதுகில் கழிந்தது. இப்போரில் நியாயம் எப்பக்கம் என்று வாதாட வேண்டுவதில்லை. வந்தவன் மண்ணைப் பறிக்க வந்தான். இருந்தவர் அதைக் காக்க எழுந்தனர். அவ்வாறிருந்தும் அமீர் வாளை மட்டுமே நம்பினாரல்லர். 1834இலும் 1837இலும் பிரெஞ்சுத் தளபதிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டார். 1839இல் போர் மீண்டும் மூண்டது.

1841இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற பூஜோ, படையோடு பொருதுவதை விட்டு மக்களின் வயிற்றில் அடிக்கலானான். விளைநிலங்கள் எரிந்தன, தானியக் குழிகள் சூறையாடப்பட்டன, மந்தைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. 1845 ஜூன் மாதம் தஹ்ரா மலைக் குகையில் ஒதுங்கிய உலாத் ரியாஹ் கோத்திரத்தார், பெண்டு பிள்ளைகளுடன் நூற்றுக்கணக்கானோர், குகை வாயிலில் மூட்டிய நெருப்பின் புகையால் மாண்டனர். தீ மூட்டச் செய்தவன் பெலிஸியே என்னும் தளபதி. பின்னாளில் அவனுக்கு மார்ஷல் பட்டமும் கிடைத்தது!

மாணவன் கேட்ட கேள்விக்கு உரிய இடம் இதுதான். திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 190ஆம் வசனம், போர் தொடுத்தவரோடு போரிட அனுமதிக்கும் அதே மூச்சில் வரம்பு மீறலையும் தடுக்கிறது. பகைவன் மீறினால் நீயும் மீறலாம் என்று அங்கே விலக்கு ஒன்றும் இல்லை. அமீர் இதை அறிந்திருந்தார். கைதிகளைக் கொல்லலாகாது என ஆணையிட்டு, பகைவனை உயிரோடு கொண்டுவரும் வீரனுக்குப் பரிசும் வைத்தார். 1841இல் அல்ஜீர்ஸ் நகரின் கத்தோலிக்க மேற்றிராணியார் தூப்புயிஷ் வாயிலாகக் கைதிகளைப் பரிமாறிக்கொண்டார். உணவளிக்க இயலாதபோது ஈடு பெறாமலே விடுவித்ததும் உண்டு.

ஆனால் 1846 ஏப்ரலில் நடந்ததை நம் நூலாசிரியர் சிலர் சொல்லாமலே தாண்டிவிடுகின்றனர். அமீர் வெளியே சென்றிருந்த வேளை, மொராக்கோ எல்லையிலிருந்த அவர்தம் பாசறையில் பிரெஞ்சுக் கைதிகளுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். உணவுப் பஞ்சம் என்பர். எதிரி நெருங்கிவிட்டான் என்பர். இவை காரணங்களே, நியாயங்கள் ஆகா. ஆணை அமீருடையதன்று என்பதே பலர் முடிவு. எனினும் நிகழ்ந்தது அவருடைய கூடாரங்களுக்கிடையே. அவரே வகுத்த சட்டத்தின்படி அது குற்றம். தஹ்ராவுக்காகக் கண்ணீர் விடும் நாம் இதை மறைத்துவிட்டு நியாயம் பேச முடியாது.

1847 டிசம்பரில் அமீர் வாளை வைத்தார். மொராக்கோ சுல்தானும் எதிரியாகிவிட்டார். கூடவே அலைந்த குடும்பங்கள் நலிந்துபோயின. காப்பதற்காக எடுத்த வாள் எவரையும் காக்க இயலாத நிலையில் மேலும் மடிவது யாருக்காக? அவர் கோழையானார் என்பாருக்கு, பதினைந்தாண்டுப் போரே போதுமான மறுமொழி. அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ அனுப்புவதாக அளித்த வாக்கைப் பிரான்சு மீறியது. 1852 வரை தூலோன், போ, அம்புவாஸ் ஆகிய இடங்களில் அவரைச் சிறைவைத்தது.

விடுதலைக்குப் பின் 1855 முதல் திமிஷ்க் நகரில் ஹதீஸ் ஓதிக்கொடுத்து வாழ்ந்தார். 1860இல் லெபனான் மலையில் துரூஸ்களுக்கும் மாரோனியக் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட போரின் தீ, ஜூலை 9ஆம் நாள் (ஹிஜ்ரி 1276, துல்ஹஜ்) திமிஷ்கிலும் பற்றிக்கொண்டது. வெறிகொண்ட கூட்டம் கிறிஸ்தவர் தெருக்களைக் கொளுத்திக் கொன்று குவித்தது. உதுமானிய ஆளுநர் அஹ்மது பாஷாவோ தடுக்கத் தவறினார். அமீர் தம்முடன் இருந்த அல்ஜீரியரை ஆயுதத்தோடு தெருக்களுக்கு அனுப்பித் தம் இல்லத்தைத் திறந்துவிட்டார். ஒரு கிறிஸ்தவரை உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பவருக்குப் பணம் தருவதாகவும் அறிவித்தார். அல்ஜீரியாவில் பகைவனின் உயிருக்கு வைத்த அதே பரிசு! அடைக்கலம் புகுந்தவர்களை ஒப்படைக்கும்படி வாயிலில் வந்து நின்றவர்கள் கலிமாச் சொன்ன முஸ்லிம்கள்தாம். அவர்கள் முன்னே ஆயுதபாணியாக நிற்க அமீர் தயங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். மைதான் பகுதியிலும் முஸ்லிம் பெரியோர்கள் பலர் அவ்வாறே காத்தனர் என்பதையும் மறக்கலாகாது.

அடைக்கலம் பெற்றவர் அமானிதம் என்பது கிதாபுச் சட்டம். தம் நாட்டைப் பறித்தவர்களின் மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று அவர் கணக்குப் பார்த்திருந்தால் பழிதீர்க்க அதைவிட வாய்ப்பான நாள் வேறில்லை.

பிரான்சு பதக்கம் அனுப்பியது. அமெரிக்க அதிபர் லிங்கன் கைத்துப்பாக்கிகள் அனுப்பினார். இவற்றைக் காட்டி, அமீர் அந்நியரின் கையாள் ஆகிவிட்டார் எனப் பேசியவர்களும் இருந்தனர். ஆயின் மற்றொரு மடலும் அவருக்கு வந்தது. காக்கசஸ் மலைகளில் இருபத்தைந்து ஆண்டுகள் ரஷ்யரோடு போரிட்டு, 1859இல் பிடிபட்டு, கலூகா நகரில் சிறைக்காவலில் இருந்த இமாம் ஷாமில் எழுதியது அது. திமிஷ்கில் செய்த காரியத்துக்காக அமீரைப் பாராட்டி எழுதியிருந்தார்.