வயலின் வாத்தியாரும் மாண்டலினும்

அமெரிக்காவில் ஃபிடில் சொல்லித்தரும் வாத்தியார்கள் பலர் மாண்டலினும் சொல்லித்தருவார்கள். நடுவயதில் ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு இது வசதி. வில் பிடிக்கக் கை மக்கர் செய்தால், அதே பாட்டை அதே விரல் கணக்கில் மாண்டலினில் மீட்டிக்கொள்ளலாம். இரண்டுக்கும் சுருதி ஒன்றுதான்: ஜி, டி, ஏ, ஈ. மாண்டலின் கடல் தாண்டியதே இந்த நான்கு எழுத்துகளின் தயவில்தான்.

அரபுகளின் ஊத் ஐரோப்பாவுக்குப் போய் லூட் ஆனது. லூட்டின் குட்டிகள் பல இத்தாலியில் உலவின. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நேப்பிள்ஸ் பட்டறைகள், குறிப்பாக வினாச்சியா குடும்பம், அவற்றில் ஒன்றான மாண்டலினில் நான்கு ஜோடித் தந்தி பூட்டி வயலின் சுருதியைக் கூட்டின. வயலின் தெரிந்தவருக்கு இடதுகை வேலை பாதி முடிந்தது. மெட்டுகள் இருப்பதால் புதியவருக்கும் ஸ்வரம் எளிதில் பிசகாது. டியூஷன் எடுக்க இதைவிடத் தோதான வாத்தியம் உண்டா?

வாத்தியார்கள் பாரிசுக்குக் கிளம்பினார்கள். ஜெர்வாசியோ 1767இலும் லியோனே 1768இலும் அங்கே பாடப்புத்தகம் போட்டார்கள். புரட்சி வந்து சீமான்கள் சிதறியதும் அந்த மோகம் அடங்கியது. ஆனாலும் 1796இல் பிராக் நகரில் ஜோசஃபின் கிளாரி என்ற சீமாட்டிக்காக பீத்தோவனே மாண்டலின் உருப்படிகள் எழுதிக்கொடுத்தார். பிறகு இத்தாலிக்கு ராணியாக வந்த மார்கெரிட்டாவும் (பீட்சாவுக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் அதே மார்கெரிட்டா) மாண்டலின் பிரியை.

அடுத்தது சுத்தமான பித்தலாட்டம். 1880 ஜனவரியில் ‘எஸ்டுடியாண்டினா ஃபிகாரோ’ என்ற ஸ்பானியக் குழு நியூயார்க்கில் வந்து இறங்கியது. மாணவர் அங்கி போட்டுக்கொண்டு அவர்கள் மீட்டியது பாண்டூரியா என்ற தந்தி வாத்தியம். கூட்டம் அள்ளியது. அதைக் கவனித்த கார்லோ குர்தி என்ற இத்தாலியர் அங்கிருந்த இத்தாலிய வயலின்காரர்களைத் திரட்டி, ஸ்பானிய வேஷம் கட்டி, கையில் மாண்டலினைக் கொடுத்து மேடையேற்றிவிட்டார். சுருதி ஒன்றாயிற்றே, தனியாகப் பயிற்சி எதற்கு? பாண்டூரியாவுக்கும் மாண்டலினுக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள் இந்தப் போலிக் குழுவின் வாத்தியத்தையே விரும்பிக் கேட்டார்கள். அசலின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

ஊருக்கு ஊர் மாண்டலின் குழுக்கள் முளைத்தன. 1902இல் மிச்சிகனின் கலமசூ ஊரில் தொடங்கிய கிப்சன் கம்பெனி, வாத்தியார்களையே ஏஜெண்டுகளாகப் பிடித்தது. பாடம் சொல்லித்தருபவரே தவணையில் வாத்தியத்தையும் விற்றார். கமிஷன் வாங்கும் குரு! மாணவருக்கு எது நல்லது என்று அவர் யோசித்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

மோகம் தணிந்த வேளையில், 1922இல், லாயிட் லோர் என்பவர் கிப்சனுக்காக எஃப்-5 மாடலை உருவாக்கினார். வயலினின் எஃப் வடிவத் துளைகளையும் அது இரவல் வாங்கிக்கொண்டது. சரியாக விற்கவில்லை. அப்படி 1923இல் செய்த ஒன்று, 1940களில் மயாமியின் முடிதிருத்தும் கடை ஒன்றில் இசைக்கலைஞர் பில் மன்றோவின் கண்ணில் பட்டது. அண்ணன்கள் ஃபிடிலையும் கிதாரையும் எடுத்துக்கொண்டதால் கடைக்குட்டியான அவருக்கு மிஞ்சியது மாண்டலின். ஃபிடில் வாசித்த மாமா பென் வாண்டிவரிடம் காதால் கற்றதை அதில் அவர் இறக்க, ப்ளூகிராஸ் இசை பிறந்தது.

வயலினை எப்போதோ தனதாக்கிக்கொண்ட கர்நாடக சங்கீதம் மாண்டலினை வெகுகாலம் சட்டை செய்யவில்லை. ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், அப்பாவின் மாண்டலினைச் சிறுவயதிலேயே எடுத்துக்கொண்டார். குருவாக அமைந்த ருத்ரராஜு சுப்பராஜு, பாடகர் செம்பையின் சீடர், வாய்ப்பாட்டுக்காரர். மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் கேட்டு வாசிப்பான். ஜோடித் தந்தி கமகத்துக்கு ஒத்துவராததால் ஸ்ரீநிவாஸ் அவற்றைக் கழற்றிவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்சார மாண்டலினுக்கு மாறிக்கொண்டார்.