சவாரித் தம்பரும் தாத்தாவின் கொப்பியும்



நான் எழுத்தாளன் இல்லை. ஏ.எல். சோதினையோடு படிப்பை நிப்பாட்டி, இப்போது டார்ம்ஸ்டாட்டில் ஒரு பக்டரியில் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவன். மலருக்கு ஏதாவது சரித்திரம் எழுதித் தாரும் என்று சங்கத்தில் கேட்டார்கள். ராசாக்களின் சரித்திரத்தை எழுதப் படிச்ச ஆக்கள் இருக்கினம். நான் பேப்பரில் வந்த சிரிப்புப் படங்களின் சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

என்ரை தாத்தாவிடம் ஒரு தடிச்ச சீ.ஆர். கொப்பி இருந்தது. தினகரனில் வந்த 'சவாரித் தம்பர்' படங்களை வெட்டி, மாப்பசை பூசி அதில் ஒட்டி வைத்திருந்தார். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினது அந்தக் கொப்பியில்தான். பின்னேரங்களில் திண்ணையில் இருந்து தாத்தா வாசிப்பார். பகிடி விளங்காட்டிலும் அவர் குலுங்கிச் சிரிக்கிறதைப் பார்த்து நானும் சிரிப்பேன்.

தம்பரைப் படைத்தவர் சி. சிவஞானசுந்தரம். 1924ஆம் ஆண்டு கரவெட்டியில் பிறந்தவர். 'சிரித்திரன் சுந்தர்' என்றால்தான் எங்கடை சனத்துக்குத் தெரியும். பம்பாய்க்குப் படிக்கப் போனவர், கார்ட்டூன் கீறுகிறவராகத் திரும்பி வந்தார். தினகரனில் கீறினார். பிறகு 1963இல் கொழும்பில் 'சிரித்திரன்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அது பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 'மகுடி' என்ற பெயரில் அவர் எழுதிய கேள்வி பதிலுக்கென்றே ஒரு கூட்டம் இருந்தது.

அவருடைய பாத்திரங்களின் பெயர்களைப் பாருங்கோ. மயில்வாகனத்தார் 'மெயில் வாகனத்தார்' ஆனார். தாமோதரன் என்ற எங்கடை பெயர் கொழும்பு நாகரிகத்தில் இங்கிலீசு நாக்கில் புரண்டு 'டாமோடிரன்' ஆனது. 'மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரன்' என்ற தலைப்பிலேயே முழு நக்கலும் இருக்கு! தம்பரோ மாட்டுவண்டிச் சவாரியில் பைத்தியமான கிராமத்து மனிசர். கூடவே சின்னக்குட்டி. எங்கடை பேச்சு, எங்கடை வேட்டி சால்வை, எங்கடை வீம்பு எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருந்தன. பெரிய சரித்திரப் புத்தகங்கள் இதை எழுதுவதில்லை.

இந்தியாவில் இருந்துவிட்டு வந்த உறவுகளுக்குத் தினத்தந்தியின் 'கன்னித்தீவு' ஞாபகம் வரும். சிந்துபாத் 1960இல் பயணம் தொடங்கினவர். அறுபது வருசம் கடந்தும் கதை முடிந்தபாடில்லை. எங்களுடைய அசூல் வழக்குகள்கூட இவ்வளவு காலம் இழுபடவில்லை!

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி. வலிகாமம் முழுக்க எழும்பி நடந்த அந்த இரவை உங்களில் பலர் மறக்கமாட்டீர்கள். எனக்கு அப்போது ஏழு வயது. கொப்பியையும் எடுப்பம் என்று நான் அழுதேன். "ரெண்டு நாளில் திரும்பி வந்திடுவம் ராசா" என்று சொல்லி, தாத்தா அதை றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த வருசம்தான் திரும்பினோம். வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை, பெட்டியும் இல்லை. கதவு போனதுக்கு ஒரு சொல்லும் சொல்லாத மனிசன், கொப்பியைத் தேடிக் களைத்துப்போய் திண்ணையில் குந்தி அழுதார். சுந்தர் காலமானதும் அதே 1996இல்தான்.

இங்கே வந்த புதுசில், யேர்மன் மொழி வகுப்பில் ரீச்சர் ஒரு படத்தாள் தந்தா. மொட்டைத்தலை, பெரிய மீசை அப்பா, குழப்படிகார மகன். சொல்லே இல்லாத கதை. 'அப்பாவும் மகனும்' என்ற அந்தத் தொடர் 1934 முதல் 1937 வரை பெர்லினில் ஒரு வார இதழில் வந்தது. கீறியவர் எரிக் ஓசர். முன்பு நாசிகளைக் கேலி செய்து கீறியதால் அவருக்குத் தொழில் செய்யத் தடை. அதனால் தான் வளர்ந்த பிளவ்வன் ஊரின் பெயரையும் தன் முதலெழுத்துக்களையும் சேர்த்துப் புனைபெயரில் கீறினார். 1944இல், நாசிகளைப் பற்றிப் பகிடி கதைத்தார் என்று அயலவர் காட்டிக்கொடுக்க, பிடித்து அடைத்தார்கள். வழக்குக்கு முன்னரே சிறையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இதை அறிந்தபோது எனக்கு யேர்மன்காரர் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்தது. சிரிப்புக்குப் பயந்த அரசாங்கம் இங்கேயும் இருந்திருக்கு. அவருடைய படங்களோ இன்றைக்கும் அகதிக்கு மொழி படிப்பிக்குது.

'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் சிரித்திரன் இதழ்கள் பல சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன மாரியில் இரவு வேலை முடிந்து வந்து, நித்திரை கொள்ளாமல் இருந்து பார்த்தேன். ஒன்பது வயது மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, இவர் ஏன் மாட்டோடை ரேஸ் ஓடுறார்?" என்று கேட்டாள். வண்டிச் சவாரி என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கி, ஊர், திண்ணை, தாத்தா என்று கதை நீண்டுவிட்டது. இப்போது நாங்கள் இரண்டு பேரும் படங்களை அச்செடுத்துப் புதுக் கொப்பியில் ஒட்டுகிறோம். கீழே அவள் தன்ரை கோணல் எழுத்தில் தமிழில் எழுதுகிறாள்.

உறவுகளே, உங்கள் சூட்கேசின் அடியில் பழைய பேப்பர்த் துண்டு ஏதாவது கிடந்தால் எறிந்துபோடாதையுங்கோ. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ.